உண்ணி கடித்த பின் வந்த காய்ச்சல்: எதை முதலில் தேட வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டர்வொர்த்தில் உங்களோடு வசிக்கும் உங்கள் தந்தையார், வயது 62, கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் தீர்த்தஹள்ளிக்கு அருகே உறவினர் ஒருவரின் பாக்குத் தோட்டத்தில் மூன்று வாரம் தங்கிவிட்டுப் பிப்ரவரியில் திரும்பியிருக்கிறார். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு முழங்காலின் பின்புறத்தில் ஒட்டியிருந்த உண்ணி ஒன்றைப் பிய்த்துப் போட்டிருக்கிறார். ஊர் திரும்பிய நான்காம் நாள் காய்ச்சல் தொடங்கியது. இன்று காய்ச்சலின் ஆறாம் நாள். மூன்றாம் நாள் கிளினிக்கில் எடுத்த டிங்கிப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. தட்டணு (பிளேட்லெட்) 92,000, வெள்ளணு 2,600. இதற்கிடையே உறவினர் அங்கிருந்து அழைத்து, ‘இது குரங்குக் காய்ச்சலாகத்தான் இருக்கும், இதற்கு மருந்தே கிடையாது’ என்று சொல்லிவிட்டார். அது உண்மையா, மலேசியாவில் அதைக் கண்டறிய முடியுமா, வீட்டிலிருக்கும் கைக்குழந்தைக்குப் பரவுமா, நாயின் மேல் இருக்கும் உண்ணிகளால் ஆபத்தா, ஏப்ரலில் அம்மா அதே ஊருக்குத் திருமணத்துக்குப் போகலாமா என்று கேட்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் அடியில், மருந்தில்லாத நோய் என்றால் மருத்துவமனைக்கு அலைந்து என்ன பயன் என்கிற தயக்கம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

அந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை. இன்றே அவரைக் கிளினிக்குக்கு அல்ல, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மீதியை அங்கே காத்திருக்கும்போது படிக்கலாம். நான் கோலாலம்பூரில் தொற்றுநோய்ப் பிரிவில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்ற மருத்துவன். டிங்கி, எலிக்காய்ச்சல், மலேரியா, சிற்றுண்ணியால் வரும் டைஃபஸ் ஆகியவற்றுக்கு நேரடியாகச் சிகிச்சை அளித்திருக்கிறேன். உறவினர் சொன்ன குரங்குக் காய்ச்சல், காட்டு உண்ணிகள் பரப்பும் கியாசனூர் காட்டு நோய் என்னும் வைரஸ் நோய்; அந்த நோயாளி ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. அதைப் பற்றி இங்கே எழுதுவது படிப்பாலும், கர்நாடகத்திலிருந்து வந்து எங்களோடு பணியாற்றிய மருத்துவர்களிடம் கேட்டும் அறிந்தது. உங்கள் தந்தையாரை நான் பரிசோதிக்கவுமில்லை. ஆகவே கீழே நான் உறுதியாகச் சொல்வதும் ஐயத்தோடு சொல்வதும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

முதலில் நாள் கணக்கு. இத்தகைய காய்ச்சலில் மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியும், நோயாளியின் வீட்டார் துல்லியமாகச் சொல்லாமல் விட்டுவிடும் செய்தியும் இதுதான். குரங்குக் காய்ச்சல் வைரஸ் உடலுக்குள் புகுந்து நோயாக வெளிப்படப் பெரும்பாலும் 3 முதல் 8 நாள் ஆகும். உங்கள் தந்தையாரின் உடலில் உண்ணி காணப்பட்டதற்கும் காய்ச்சலுக்கும் இடையே ஏறத்தாழ ஆறு நாள். அந்த வட்டாரத்தில் இந்நோய் தலைகாட்டும் காலம் நவம்பர், டிசம்பரிலிருந்து மே மாதம் வரை. தீர்த்தஹள்ளியும் அந்த வட்டாரத்தைச் சேர்ந்ததே. இடம், பருவம், இடைவெளி மூன்றும் பொருந்துவதால் உறவினரின் சந்தேகத்தைப் புறந்தள்ள முடியாது. ஆனால் டிங்கி வைரஸுக்கும் ஏறத்தாழ 4 முதல் 10 நாள் தேவைப்படும். ஆகவே கர்நாடகத்திலேயே கொசு கடித்திருந்தாலும், பட்டர்வொர்த் திரும்பிய முதல் நாளே உங்கள் வீட்டு வாசலில் கடித்திருந்தாலும், கணக்கு அதற்கும் பொருந்துகிறது. ஆறு நாள் காய்ச்சல், குறைந்த தட்டணு, குறைந்த வெள்ளணு என்ற விவரத்தை மட்டும் கொடுத்து நோயைச் சொல்லுங்கள் என்றால், பினாங்கில் எந்த மருத்துவரும் டிங்கி என்றுதான் சொல்வார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

‘டிங்கி இல்லை என்று வந்துவிட்டதே’ என்பீர்கள். மூன்றாம் நாள் எடுத்தது, இரத்தத்தில் டிங்கி வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 என்ற பரிசோதனையாக இருக்கும். அது இருக்கிறது என்று காட்டினால் நம்பலாம். இல்லை என்று காட்டினால் முழுவதும் நம்பக் கூடாது. ஏற்கெனவே ஒரு முறை டிங்கி கண்டு மீண்டவருக்கு இரண்டாம் முறை வரும்போது அது தவறிப்போவது உண்டு, நம் ஊரில் அந்த வயதுடையவர்களில் பலருக்கும் முன்பு எப்போதாவது டிங்கி வந்திருக்கும். இப்போது ஆறாம் நாள் என்பதால், நோய்க்கு எதிராக உடல் முதலில் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். பரிசோதனையையும் சேர்த்துத் திரும்பச் செய்ய வேண்டும். அதைவிட அவசரமானது வேறொன்று: டிங்கியாக இருந்தால், காய்ச்சல் தணியும் இந்த நாள்களில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து இரத்தம் கெட்டிப்படும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடையும் வேளையில் நோயாளி, இரத்த அழுத்தம் வீழ்ந்து, அதிர்ச்சி நிலைக்குப் போகக்கூடும். விடாத வாந்தி, வயிற்று வலி, ஈறில் இரத்தம், அசதியோடு கூடிய தடுமாற்றம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

குரங்குக் காய்ச்சல் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால்தான் மேலே போக முடியும். 1957இல் சிவமொக்கா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. அதே காலத்தில் காட்டோர மக்களுக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. தென் அமெரிக்காவில் குரங்குகளைக் கொல்லும் மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்ற அச்சத்தோடுதான் புனே வைரஸ் ஆராய்ச்சி மையத்தினர் அங்கே போனார்கள். அவர்கள் கண்டது, ரஷ்யக் காடுகளில் மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் உண்ணி வைரஸுக்கு நெருங்கிய உறவான புதிய வைரஸ். காட்டு எலி, மூஞ்சூறு, குரங்கு ஆகியவற்றின் இரத்தத்தைக் குடிக்கும் ஹீமாஃபிசாலிஸ் வகை உண்ணிகள் அதைச் சுமக்கின்றன. மனிதரைப் பெரும்பாலும் கடிப்பவை அவற்றின் இளம் பருவத்தினவே. எள்ளளவுதான் இருக்கும், கடித்தது பலருக்குத் தெரியவே தெரியாது. நீண்ட காலம் சிவமொக்காவோடும் கர்நாடகத்தில் அதைச் சூழ்ந்த மாவட்டங்களோடும் நின்றிருந்த நோய் 2012 முதல் பண்டிப்பூர், நீலகிரியின் முதுமலைப் பகுதி, வயநாடு, கோவா, மகாராட்டிரத்தின் சிந்துதுர்க் என்று மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகக் காணப்பட்டது. ஆகவே கூடலூர், வயநாட்டுப் பக்கம் உறவினர் உள்ள மலேசியத் தமிழர்களுக்கும் இது சற்றே அக்கறைக்குரிய செய்தி. இந்தியாவில் ஆண்டுக்கு நானூறு, ஐந்நூறு பேருக்கு வருவதாகக் கணக்கிடுவார்கள். நோய் கண்டவர்களில் இறப்பவர் 100க்கு 3 முதல் 5 பேர். உறவினர் குரலில் இருந்த பயத்துக்குக் காரணம் உண்டு என்றாலும், நூற்றில் தொண்ணூற்றைந்து பேர் பிழைக்கிறார்கள் என்பதையும் அவர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இனி நான் வலியுறுத்த விரும்புவதற்கு வருகிறேன். மருந்தில்லாத வைரஸைத் தேடிக்கொண்டு, மருந்துள்ள நோயைத் தவறவிட்டுவிடக் கூடாது. உண்ணி, புதர், தோட்டம் என்று சொன்னவுடன் என் மனத்தில் முதலில் எழுவது ஸ்கிரப் டைஃபஸ். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அது வைரஸ் அல்ல, பாக்டீரியா. புதர்களில் இருக்கும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணிகள் கடித்துப் பரவுவது. டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். கொடுக்காவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பாதித்து உயிரையே எடுக்கும். இதற்குப் பலனளிக்கும் ஆன்டிபயாடிக் உண்டு என்பது 1948இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில், நம் ஊர் நோயாளிகளிடம்தான் முதன்முதலில் காட்டப்பட்டது. அப்போது பயன்பட்டது குளோராம்ஃபெனிகால். அந்தப் பெருமை இருந்தும் இந்நோயை இங்கே நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. அதற்கு ஆய்வகம் தேவையில்லை. சிற்றுண்ணி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கரும்பொருக்கு ஒன்று, ஒரு சென்டிமீட்டர் அளவில், சுற்றிலும் சிவந்த விளிம்போடு இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளி அதைச் சொல்ல மாட்டார். அது இருக்கும் இடமும் அப்படி: அக்குள், தொடையிடுக்கு, இடுப்பில் கைலி இறுக்கும் கோடு, பிட்டம், விதைப்பையின் பின்புறம். வயதான ஆண்கள் மகளிடம் காட்டக் கூச்சப்படுவார்கள், தாதியிடமும் கூச்சப்படுவார்கள். வார்டில் நான் பயிற்சி மருத்துவர்களிடம் சொல்லிவந்தது, திரையை இழுத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில், உடையை முழுவதும் களைந்து, மடிப்புகளை விரித்துப் பாருங்கள் என்பதே. உங்கள் தாயாரோ சகோதரரோ இன்றே பார்க்கலாம். பொருக்கு இருந்தால் நோய் ஏறத்தாழ முடிவாகிவிட்டது. இல்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது. பலருக்குப் பொருக்கே தோன்றுவதில்லை. முழங்காலுக்குப் பின்னால் உண்ணி கடித்த தடம் வெறும் சிவந்த புள்ளியா, கரும்பொருக்கா என்பதையும் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எலிக்காய்ச்சல் இரண்டாவது. ஈரமான பாக்குத் தோட்டத்தில் வெறுங்காலோடு நடந்தவருக்கு அது வரலாம். கண் சிவத்தல், கெண்டைக்கால் வலி, மஞ்சள் காமாலை ஆகியவை குறிப்புகள். கண் சிவப்பும் தசை வலியும் குரங்குக் காய்ச்சலிலும் உண்டு என்பதுதான் தொல்லை. எலிக்காய்ச்சலுக்கும் டாக்சிசைக்ளின் அல்லது பெனிசிலின் வகை மருந்து வேலை செய்யும் என்பதால், முடிவு வரும் வரை டாக்சிசைக்ளினைத் தொடங்கிவிடலாம் என்று மருத்துவர் சொன்னால் அது கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதாக எண்ண வேண்டாம். எனக்கு அது நியாயமான முடிவாகவே தோன்றுகிறது. மூன்றாவது மலேரியா. கர்நாடகக் கரையோரத்தில், குறிப்பாக மங்களூர்ப் பக்கம், அது நெடுங்காலமாக உண்டு. தந்தையார் போகும்போதோ வரும்போதோ அங்கே தங்கினாரா என்று கேளுங்கள். இரத்தத்தைக் கண்ணாடியில் பூசிப் பார்க்கும் பரிசோதனையில் ஒரு முறை இல்லை என்று வந்தால் போதாது. 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மூன்று முறை பார்க்க வேண்டும்.

குரங்குக் காய்ச்சலுக்கான பரிசோதனை எந்தத் தனியார் ஆய்வகத்தின் வழக்கமான பட்டியலிலும் இருக்காது. ஆகவே கிளினிக் கிளினிக்காகப் போய்க் கேட்டுப் பயனில்லை. அரசு மருத்துவமனையின் தொற்றுநோய் நிபுணரும் மாவட்டச் சுகாதார அலுவலகமும் தேசிய ஆய்வகங்களோடு பேசித்தான் ஏற்பாடு செய்ய முடியும். அதற்குக் காரணமாக அமைவது நீங்கள் கொடுக்கும் பயண விவரம்தான். ஊரின் பெயர், தாலுகா, தேதிகள், உண்ணி கண்ட நாள், அந்த ஊரில் குரங்குகள் செத்தனவா, பிறருக்குக் காய்ச்சல் உண்டா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். காய்ச்சலின் முதல் பத்து நாள் வரை இரத்தத்தில் வைரஸின் மரபணுவை பி.சி.ஆர். முறையில் தேடலாம், ஐந்தாம் நாளை ஒட்டி ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் தோன்றத் தொடங்கும். ஆறாம் நாள் என்பது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் நல்ல நேரம்; இப்போது எடுக்கும் இரத்தத்தை இரண்டுக்கும் பயன்படுத்தலாம். இரண்டு வாரம் கழித்து எடுத்தால் பி.சி.ஆர். பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. டிங்கியும் இதுவும் ஒரே வைரஸ் குடும்பம் என்பதால் எதிர்ப்பொருள் பரிசோதனைகள், குறிப்பாக நெடுநாள் உடலில் தங்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.ஜி., ஒன்றுக்கு மற்றொன்று தவறாகக் காட்டக்கூடும். பழைய டிங்கியின் எச்சத்தையும் புதிய நோயாகக் காட்டும். இரத்த மாதிரியை அனுப்பும்போது எந்த நோய் என்று ஐயப்படுகிறோம் என்பதை ஆய்வகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். இந்த வைரஸ் ஆய்வகப் பணியாளர்களுக்குத் தொற்றிய நிகழ்வுகள் கடந்த காலத்தில் பல உண்டு.

நோய் உறுதியானாலும் வைரஸை நேரடியாக அழிக்கும் மருந்து எதுவும் மனிதரிடம் பலன் தருவதாக நிறுவப்படவில்லை. அதனால் சிகிச்சையே இல்லை என்று பொருள் அல்ல. உடல் தானே வைரஸை வெல்லும் வரை நோயாளியைக் காப்பாற்றி வைப்பதுதான் சிகிச்சை. நீர்ச்சத்து, இரத்த அழுத்தம், தட்டணு, ஈரல் நொதிகள் ஆகியவற்றை நாள்தோறும் பார்ப்பார்கள். காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், அதுவும் அளவோடு, ஏனெனில் ஈரலும் வீங்கியிருக்கலாம். வீட்டில் கிடக்கும் பொன்ஸ்தான், ஐபுபுரூஃபென், ஆஸ்பிரின் எதையும் கொடுக்காதீர்கள். உடல் வலி தாங்கவில்லை என்று கிளினிக்கில் வோல்டரன் ஊசி கேட்கவும் வேண்டாம். இரத்தம் கசியும் நோயில் இவை எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதற்குச் சமம். தட்டணுவை ஏற்றச் சொல்லி மருத்துவரை நெருக்க வேண்டாம். கசிவு இல்லாதவருக்கு எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் ஏற்றுவதில்லை. பப்பாளி இலைச் சாறும் நண்டு சூப்பும் யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள், பினாங்கில் அது தவிர்க்க முடியாதது. சூப்பைக் குடிக்க முடிந்தால் குடிக்கட்டும், நீராவது உள்ளே போகும். இலைச் சாறு வாந்தியைக் கூட்டினால் நிறுத்திவிடுங்கள்.

ஒரு வேளை இது குரங்குக் காய்ச்சலாகவே இருந்து, பத்து நாளில் காய்ச்சல் விட்டு அவர் வீடு திரும்பினாலும் கண்காணிப்பு முடிவதில்லை. பத்தில் ஒருவருக்கோ ஐந்தில் ஒருவருக்கோ, ஒன்று இரண்டு வாரம் நலமாக இருந்த பிறகு, இரண்டாம் கட்டம் வரும். (இந்த விகிதம் ஆய்வுக்கு ஆய்வு மாறுவதால் அதைத் தோராயமாகவே கொள்ளுங்கள்.) மறுபடியும் காய்ச்சல், கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு, கை நடுக்கம், பார்வை மங்கல், பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். வீட்டார் கவனிக்க வேண்டியவை சின்னச் சின்னச் செயல்கள்: தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போது கை ஆடுகிறதா, நாளிதழை வாசிக்கக் கண்ணைச் சுருக்குகிறாரா, பேரப்பிள்ளையின் பெயரை மாற்றிச் சொல்கிறாரா. மூன்றாம் வாரத்தில் இப்படி நேர்ந்து வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், முதல் காய்ச்சலின் கதை தெரியாத மருத்துவர் அதைப் பக்கவாதம் என்று எண்ணிவிடக்கூடும். ஆகவே டிஸ்சார்ஜ் கடிதத்தில் பயண விவரமும் ஐயப்பட்ட நோயும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இவை வராமல் போனாலும் முழு வலு திரும்பப் பல வாரம் ஆகும்.

குழந்தையைப் பற்றிக் கவலை வேண்டாம். இருமலாலோ தொடுவதாலோ இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதாகக் காணப்படவில்லை. இரத்தம் பட்ட துணியைக் கையுறையோடு துவைப்பது போதும். டிங்கி என்றால் அவரைக் கடித்த கொசு பிள்ளையைக் கடிக்காமலிருக்க வலை கட்டுங்கள். நடைமுறையில் அதுதான் பெரிய அபாயம். உங்கள் நாயின் மேலுள்ளது பெரும்பாலும் சுவரேறும் பழுப்பு நாயுண்ணி. அது நாய்க்கு எர்லிக்கியா போன்ற நோய்களைக் கொடுக்கும். கால்நடை மருத்துவரிடம் காட்டி ஒழித்துவிடுங்கள், ஆனால் இந்த வைரஸோடு அதை முடிச்சுப் போட வேண்டாம். மலேசியாவில் குரங்குக் காய்ச்சல் இல்லை. தாவரவியல் பூங்காக் குரங்குகளைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். அதன் சொந்தக்கார வைரஸ் ஒன்று இங்கே உண்டு என்பது உண்மைதான். 1956இல் உலு லங்காட் காட்டு எலிகளின் உண்ணிகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு லங்காட் வைரஸ் என்றே பெயர் பெற்றது. காட்டிலிருந்து அது மனிதருக்குத் தொற்றி நோய் உண்டாக்கியதாக இதுவரை நிறுவப்படவில்லை. அது சாதுவானது என்று நம்பி உயிருள்ள தடுப்பூசியாகக் கொடுத்துப் பார்த்தபோது சிலருக்கு மூளைக்காய்ச்சல் வந்து கைவிட்டார்கள் என்பதால், சாதுவானது என்று முழுவதும் சொல்லிவிடவும் எனக்கு மனம் வரவில்லை.

அம்மா ஏப்ரலில் போகலாம். அது இன்னும் நோய்க்காலமே என்பதால் சில கட்டுப்பாடுகளோடு போகட்டும். தடுப்பூசியை நம்பிப் போக முடியாது. 1990 முதல் கர்நாடகத்தில் போட்டுவந்த ஊசியின் பலன் குறைந்ததால் 2022இல் அதை நிறுத்திவிட்டார்கள், புதியது உருவாக்கத்தில்தான் இருக்கிறது. மண்டபத்திலும் வீட்டிலும் இருந்தால் அபாயம் மிகக் குறைவு. விறகு பொறுக்கவும் சருகு கூட்டவும் காட்டோரம் போகக் கூடாது, செத்த குரங்கு கிடந்தால் அருகில் போகாமல் ஊர்ச் சுகாதார நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். தோட்டத்துக்குப் போயே ஆக வேண்டுமென்றால் முழுக்கால் உடையை காலுறைக்குள் செருகி, டீட் என்னும் பூச்சிவிரட்டி கலந்த தைலத்தைத் தடவிக்கொள்ளட்டும். அங்கே சுகாதாரத் துறை தரும் டெப்பா என்னும் உண்ணிவிரட்டி எண்ணெயும் நல்லது. திரும்பியதும் வெந்நீரில் குளித்து, துணியை வெந்நீரில் போட்டு, முழங்கால் மடிப்பு, காதின் பின்புறம், தலைமுடியின் ஓரம் ஆகிய இடங்களில் யாரையாவது பார்க்கச் சொல்ல வேண்டும். உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய், சூடான தீக்குச்சி, கோடரித் தைலம் எதுவும் வேண்டாம். கூர்மையான சாமணத்தால் தோலை ஒட்டி அதன் வாய்ப்பகுதியைப் பிடித்து, முறுக்காமல், நேராக மெல்ல இழுக்க வேண்டும். கடித்த இடத்தைச் சோப்பால் கழுவிவிட்டு, உண்ணியை ஒரு சின்னப் போத்தலில் போட்டு மூடி, அதன் மேல் தேதியை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், அந்தத் தேதியோடு மருத்துவரிடம் போக வேண்டும்.